சத்தான சோயாவுக்குக் காட்டு உறவைத் தேடுவதா, நாட்டு ரகத்திலேயே நிற்பதா?

ஒரு அரசு ஆராய்ச்சி நிலையம் சத்து கூடிய சோயா ரகம் ஒன்றைக் கொண்டுவரத் தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பத்து வருஷத்துக்கான நிதி, சில ஏக்கர் சோதனை வயல், சிறிய மரபணு ஆய்வகம், வேலை தெரிந்த நாலைந்து பேர். கலப்புக்கு எந்தச் செடியை எடுப்பது? மரபணு வங்கியில் உறங்கும் பழைய நாட்டு ரகங்களையா, சீனாவிலும் கொரியாவிலும் ஆற்றோரம் படரும் காட்டு சோயாவையா, ஆஸ்திரேலியாவின் பல்லாண்டுக் காட்டு உறவுகளையா? அல்லது கலப்பையே விட்டுவிட்டு மரபணுவில் நேரடியாகக் கை வைப்பதா?

காட்டு உறவு என்றதும் பலருக்கும் ஒரு ஈர்ப்பு வந்துவிடுகிறது. எனக்கும் அந்த ஈர்ப்பு உண்டு; காட்டு சோயாவின் மேல் பெரிய நம்பிக்கையே இருக்கிறது. ஆனால் காட்டுக்குப் போவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் காரணம், அதாவது புரத சதவீதம், தவறான காரணம் என்பது என் முடிவு. சரியான காரணங்கள் வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பத்து வருஷத்தைச் செலவழித்தால், கடைசியில் கிடைப்பது விளைச்சல் குறைந்த ஒரு ரகமாகத்தான் இருக்கும்.

எந்தச் சத்து?

சாதாரண சோயா விதையின் உலர் எடையில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். பருப்பு வகைகளில் இது மிக அதிகம். அப்படியிருந்தும் சத்துக் குறை என்று சொல்ல நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன. புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்கள் குறைவு. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் போகும் தீவனத்தில் சோயா புண்ணாக்கோடு தொழிற்சாலையில் செய்த மெத்தியோனினையும் தனியாக வாங்கிச் சேர்ப்பது இதனால்தான். அடுத்து, விதையில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் புரதத்தைச் செரிக்கவிடாமல் செய்கிறது. சூடுபடுத்தினால் அது அழியும், ஆனால் சூடு கூடிப்போனால் லைசின் கெட்டுவிடும். ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் என்ற சர்க்கரைகள் வயிற்றில் வாயுவைக் கிளப்புகின்றன. ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடுகிறது. சிலருக்கு ஒவ்வாமை வேறு.

ஆக, 'சத்தான சோயா' என்பது ஒரே இலக்கு இல்லை. ஒவ்வொரு குறைக்கும் மருந்து இருக்கும் இடம் வேறு வேறு. வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இலக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நாட்டு ரகங்கள்: பலரும் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம்

இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் அமெரிக்க வேளாண் துறையின் சோயா விதைச் சேமிப்பு இருக்கிறது. சுமார் 20,000 மாதிரிகள். அவற்றில் பெரும்பகுதி சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ரகங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தியடோர் ஹைமோவிட்ஸ் இந்தச் சேமிப்பை அலசுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். டிரிப்சின் தடுப்பான்களில் முக்கியமான குனிட்ஸ் வகை இல்லாத சோயா அவருக்குக் கொரியாவிலிருந்து வந்த ஒரு மாதிரியில் (பி.ஐ. 157440; பி.ஐ. என்பது அந்தச் சேமிப்பின் பதிவு எண்) கிடைத்தது. பிறகு பி34 என்ற ஒவ்வாமைப் புரதம் ஏறக்குறைய இல்லாத மாதிரிகளைத் தேடி 16,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தார்கள். தேறியவை ஒன்றிரண்டுதான். ஆனால் அவை பயிரிடும் சோயாவுக்குள்ளேயே கிடைத்தன, காட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகள் குறைந்த பி.ஐ. 200508ம் பயிர்ச் சோயாதான்.

இந்த வழியின் பெரிய பலம், மரபணுவைத் தரும் நன்கொடைச் செடியும் ஒரு பயிர் என்பது. காய் வெடிக்காது, கொடியாய்ப் படராது, விதை கல்லாய் இருக்காது. தேவையான மரபணு ஒன்றே ஒன்று. அதற்கு மார்க்கர் (அந்த மரபணு இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளம்) இருந்தால் நாற்றுப் பருவத்திலேயே இலையைக் கிள்ளிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இந்தூரில் இருக்கும் தேசிய சோயா ஆராய்ச்சி நிறுவனம் இதே வழியில்தான் குனிட்ஸ் தடுப்பான் இல்லாத என்.ஆர்.சி. 127 ரகத்தைக் கொண்டுவந்தது. அடுத்து என்.ஆர்.சி. 142 வந்தது. அதில் தடுப்பானும் இல்லை, பச்சை வாடை தரும் லிப்பாக்சிஜினேஸ்-2 நொதியும் இல்லை. வீட்டில் சோயா பால் எடுக்கிறவர்களுக்கு அந்த வாடைதான் முதல் எதிரி. அதைக் கழித்துக்கட்டிய ரகம் நம் நாட்டிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று கெடுதல் புரதங்களையும் (பி34, குனிட்ஸ், சத்தைச் சேரவிடாத லெக்டின்) ஒரே விதையில் நீக்க அரிசோனா பல்கலைக்கழகத்தில் செய்த கலப்பு வேலைக்குப் பத்தாண்டை ஒட்டிப் பிடித்தது. ஒரு மரபணு என்றால் ஐந்தாறு வருஷம் போதும்.

ஆக, கெடுதல் செய்யும் ஒன்றை நீக்குவதுதான் இலக்கு என்றால் என் பதிலில் தயக்கமே இல்லை: நாட்டு ரகம். இந்த வேலைக்குக் காட்டு சோயா தேவையில்லை.

காட்டு சோயா

இனிதான் விஷயம் சிக்கலாகிறது. காட்டு சோயாவின் அறிவியல் பெயர் கிளைசின் சோஜா. நாம் பயிரிடும் கிளைசின் மேக்ஸின் நேரடி மூதாதை. சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஆகிய இடங்களில் வேலிகளிலும் ஆற்றங்கரைகளிலும் நாணல் மேலே சுற்றிக்கொண்டு வளர்கிறது. இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 40. கலந்தால் கலப்பு விதை முளைக்கும், பூக்கும், காய்க்கும். மற்ற பல பயிர்களின் காட்டு உறவுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம்.

விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது சோயா என்று நம்ப முடியாது. கறுப்பாக, மங்கலாக, மேலே சாம்பல் பூத்தது போன்ற படலத்தோடு இருக்கும். நூறு விதையின் எடை ஒன்று முதல் மூன்று கிராம். பயிர்ச் சோயாவில் 12 முதல் 20 கிராம். ஈரத்தில் நாள் கணக்கில் கிடந்தாலும் ஊறாது. பிளேடால் தோலில் ஒரு கீறல் போட்டால்தான் முளைக்கும். அந்தக் குட்டி விதைக்குள் புரதம் 45 முதல் 50 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல். எண்ணெய் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

அந்தப் புரத எண்தான் எல்லோரையும் இழுக்கிறது. 1992இல் பிரையன் டையர்ஸும் அவருடன் அயோவாவில் வேலை செய்தவர்களும் ஒரு பயிர்ச் சோயாவையும் பி.ஐ. 468916 என்ற காட்டு சோயாவையும் கலந்து, புரதம் குரோமோசோமின் எந்தப் பகுதியில் கட்டுப்படுகிறது என்று பார்த்தார்கள். இரண்டு இடங்கள் பெரிதாகத் தெரிந்தன. இன்றைய எண்ணிக்கையில் அவை 20ஆவது, 15ஆவது குரோமோசோம்கள். 20இல் இருக்கும் காட்டு வடிவம் மட்டுமே புரதத்தை 2 சதவீதப் புள்ளிக்கு மேல் தூக்கியது. சோயா ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இது மிகப் பெரிய எண். அடுத்த முப்பது வருஷம் இந்த ஒரு இடத்தைச் சுற்றி எத்தனையோ குழுக்கள் வேலை செய்தன.

ஆனால் பின்கலப்பு செய்து, அதாவது கலப்புச் செடியை நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, இந்த வடிவத்தை நல்ல ரகங்களுக்குள் கொண்டுவந்தபோது, புரதம் கூடிய வரிசைகளில் (கலப்பில் கிடைத்த செடி வழிகளில்) எண்ணெய் குறைந்தது, விதை சிறுத்தது, மகசூலும் இறங்கியது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த வேறு ஏதோ காட்டு மரபணுவின் வேலையாக இருக்கும், அதை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. 2022இல் இரண்டு தனித்தனி ஆய்வுகள் அந்த மரபணுவையே அடையாளம் கண்டன. காட்டு சோயாவில் அது முழுசாக இருக்கிறது. பயிர்ச் சோயாவில் சுமார் 300 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் மரபணுத் துண்டு நடுவில் வந்து உட்கார்ந்து அதைக் குலைத்திருக்கிறது. அப்படிக் குலைந்ததால்தான் விதை பெருத்தது, எண்ணெய் கூடியது, விளைச்சல் ஏறியது, புரதம் குறைந்தது. அதாவது புரதத்தைக் குறைத்த மாற்றமும் சோயாவை விளைச்சல் பயிராக்கிய மாற்றமும் ஒன்றே. பழைய விவசாயிகள் பெரிய விதையைத் தேர்ந்தெடுத்தபோது இதையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்கள். 15ஆவது குரோமோசோமில் இருந்ததும் அப்படித்தான்: விதைக்குள் சர்க்கரையைக் கொண்டுசேர்க்கும் ஸ்வீட் (SWEET) என்ற வகை மரபணு. அதுவும் பயிராக்கத்தின்போது தேர்வான ஒன்று.

இங்கேதான் முடிவெடுப்பவர் நின்று யோசிக்க வேண்டும். 1992இல் காட்டில் கண்டெடுத்த புதையல்களில் இரண்டு பெரியவை, நம் முன்னோர் விளைச்சலுக்காக விட்டுக்கொடுத்தவை. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் விளைச்சலும் பழையபடி திரும்பிப் போகப் பார்க்கும்.

இதற்கு உடலியல் காரணமும் இருக்கிறது. இலையிலிருந்து விதைக்கு வரும் சர்க்கரைக்கு ஓர் அளவு உண்டு. அது எண்ணெயாகலாம், இல்லை புரதத்தின் சட்டகமாகலாம். புரதமாக வேண்டுமென்றால் நைட்ரஜன் வேண்டும். விதை நிரம்பும் காலத்தில் வேர் முடிச்சுகள் தளர்ந்துவிடுகின்றன. செடி தன் இலைகளிலிருந்தே நைட்ரஜனைப் பிடுங்கி விதைக்கு அனுப்புகிறது, இலை சீக்கிரம் பழுத்து உதிர்கிறது. சோயா தன்னைத் தானே தின்றுகொண்டு காய்க்கும் பயிர் என்று சின்க்ளேரும் டி விட்டும் 1975இலேயே விளக்கியிருக்கிறார்கள். புரத சதவீதத்தை ஏற்றினால் அந்தப் பிடுங்கல் இன்னும் கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரகம் எக்டேருக்கு 1,200 கிலோ விளைகிறது, புரதம் 40 சதவீதம். கிடைக்கும் புரதம் 480 கிலோ. காட்டு வடிவத்தைச் சேர்த்து 43 சதவீதம் ஆக்குகிறோம், விளைச்சல் 1,100க்கு இறங்குகிறது என்று வைப்போம். புரதம் 473 கிலோ. சதவீதம் ஏறியும் நிலத்திலிருந்து வந்த மொத்தப் புரதம் கூடவில்லை. எண்ணெயும் குறைந்திருக்கும். இந்தியச் சந்தையில் விவசாயிக்கு எடைக்குத்தான் காசு. புரதத்துக்குத் தனி விலை கிடையாது. மூட்டை குறைந்தால் நஷ்டம் அவருக்கு. சத்து கூடிய விதை என்ற பெயர் அவருக்குச் சோறு போடாது.

இன்னொரு விஷயம் இதைவிடத் தெளிவாக முடிவைச் சொல்கிறது. 20ஆவது குரோமோசோமின் உயர்புரத வடிவத்துக்குக் காட்டுக்குப் போகவே தேவையில்லை. கொரியாவின் தன்பேக்கோங் என்ற உயர்புரத ரகத்திலும் வேறு சில பயிர்ச் சோயாக்களிலும் அதே இடத்தில் உயர்புரத வடிவம் இருக்கிறது. புரத சதவீதத்துக்குக் கூடுதல் விலை தரும் வாங்குபவர் உங்களுக்கு இருக்கிறார், விளைச்சல் இழப்பை ஒப்பந்த விலையில் ஈடுகட்டிவிடுவார் என்றால் தாராளமாகத் தன்பேக்கோங்கை எடுங்கள். காய் வெடிக்காத செடியிலிருந்து அதே பலன் கிடைக்கும்போது, காய் வெடிக்கும் கொடியோடு ஏன் போராட வேண்டும்?

அப்படியானால் காட்டு சோயா எதற்கு?

விட்டுப்போனவற்றுக்காக. 2006இல் டேவிட் ஹைட்டனும் அவர் குழுவினரும் காட்டு சோயா, ஆசிய நாட்டு ரகங்கள், அமெரிக்க ரகங்கள் எல்லாவற்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். பெரிய இழப்பு நவீன ரக உருவாக்கத்தில் நடக்கவில்லை, காட்டிலிருந்து வயலுக்கு வந்தபோதே நடந்துவிட்டது என்று தெரிந்தது. மரபு வேறுபாடு பாதியானது. அபூர்வமான மரபணு வடிவங்களில் 81 சதவீதம் தொலைந்தன. அதற்கு மேல், வட அமெரிக்க ரகங்களின் மரபுப் பங்கில் 95 சதவீதம் வெறும் 35 மூதாதைகளிலிருந்து வந்தது என்பது 1994இலேயே கணக்கிட்டது. நாட்டு ரகங்களை எவ்வளவு அலசினாலும், முதல் வாசலில் தொலைந்தது அங்கே கிடைக்காது.

தொலைந்தவற்றில் சில, விளைச்சலோடு நேரடியாக முட்டாதவை. காட்டு சோயாவில் லூட்டின் அதிகம். கண்ணுக்கு வேண்டிய நிறமி அது. ஜப்பானிய, கொரியக் காட்டு சோயாக்களில், கசப்பையும் துவர்ப்பையும் தரும் ஏ-வகை சபோனின் இல்லாத மாதிரிகள் கிடைத்திருக்கின்றன. இந்தக் கசப்பால் சோயா உணவை ஒதுக்குகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. காட்டு விதையை ஊறவிடாமல் தடுக்கும் மரபணுவை 2015இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, அதே மரபணு விதையின் கால்சிய அளவோடும் தொடர்புடையது என்று தெரிந்தது. ஊறி வேகும் மென்மையான விதையைத் தேர்ந்தெடுத்ததில் கால்சியமும் கொஞ்சம் போயிருக்கிறது. விதை மேல் இருக்கும் அந்தச் சாம்பல் படலம் போனபோது எண்ணெய் கூடியது என்று 2018இல் இன்னொரு ஆய்வு காட்டியது. நம் முன்னோர் கண்ணால் பார்த்து, பல்லால் கடித்துத் தேர்ந்தெடுத்தது ஒன்று. அதோடு விதைக்குள் மாறிப்போனது வேறொன்று. காட்டு சோயாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த இரண்டாவது தெரியும். ரகமாக ஒன்றும் வராவிட்டாலும் இந்த அறிவுக்காகவே காட்டு சோயாவில் வேலை செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

லினோலெனிக் அமிலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயிர்ச் சோயா எண்ணெயில் ஒமேகா-3 வகைப்பட்ட இது 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பி.ஐ. 483463 போன்ற காட்டு மாதிரிகளில் 15 சதவீதம். தாளில் பார்த்தால் சத்துக்கு இது பெரிய லாபம். ஆனால் இந்த அமிலம் காற்றுப் பட்டாலே சிக்கு வாடை பிடிக்கும், வாணலிச் சூட்டைத் தாங்காது. அதனால் எண்ணெய்த் தொழில் இத்தனை வருஷமாகப் போன திசை இதற்கு நேர் எதிர்: லினோலெனிக்கைக் குறைப்பது, ஒலியிக்கைக் கூட்டுவது. சோயா பாலாகவோ டெம்பேயாகவோ (புளிக்கவைத்த சோயா உணவு) முழு விதையாகவே சாப்பிடும் சந்தை இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். புண்ணாக்கு ஆலைக்குப் போகும் சோயாவில் வேண்டாம்.

கலப்பு மேசையில் என்ன நடக்கும்

காட்டு சோயாவைத் தேர்ந்தெடுக்கிறவர் வேலையின் அளவைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். சோயாப் பூ அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். விரிவதற்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பிடித்து, இடுக்கியால் புல்லிதழை ஒவ்வொன்றாக உரித்து, இதழோடு சேர்த்துப் பத்து மகரந்தத் தாள்களையும் உருவி எடுக்க வேண்டும். சூல்முடி நசுங்கினால் அந்தப் பூ போச்சு. பிறகு காட்டுப் பூவிலிருந்து மகரந்தத்தைத் தடவ வேண்டும். அந்தப் பூ இன்னும் சின்னது. செய்த கலப்புகளில் பாதிக்கும் மேல் உதிரும். பிடித்த காயில் ஒன்று முதல் மூன்று விதை.

தாய்ச்செடியாக வெள்ளைப் பூ ரகத்தை வைத்துக்கொள்ளுங்கள். காட்டு சோயாவின் பூ ஊதா, அது ஓங்குபண்பு. முதல் தலைமுறையில் ஊதாப் பூ வந்தால் கலப்பு பிடித்திருக்கிறது, வெள்ளை வந்தால் தாய் தன்னைத் தானே கருவுற்றிருக்கிறது என்று ஆய்வகம் போகாமலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் தலைமுறை வயலைப் பார்த்தால் மனம் தளரும். எல்லாம் கொடி, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு தரையில் கிடக்கும். முற்றிய காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்துச் சிதறும். பதினெட்டு கிராம் விதையையும் ஒன்றரை கிராம் விதையையும் கலந்தால் நடுவில் பத்து கிராம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வருவது ஐந்து கிராமை ஒட்டி. பல மரபணுக்கள் பெருக்கல் கணக்கில் வேலை செய்வதால் அப்படி. இந்த நிலையிலேயே தேர்வு செய்தால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. 1980களில் அயோவாவில் வால்டர் ஃபேர் குழுவினர் இதைப் படிப்படியாகச் சோதித்தார்கள். நல்ல ரகத்தோடு இரண்டு மூன்று தடவை பின்கலப்பு செய்த பிறகுதான் வயலில் நிற்கும் செடிகள் நம்பத்தகுந்த அளவில் வந்தன. இன்று காய் வெடிப்பு, விதைக் கடினம் ஆகியவற்றின் மரபணுக்கள் தெரியும். ஆகவே வேண்டியதைப் பிடிக்க மட்டும் மார்க்கர் போடாமல், வேண்டாததைக் கழிக்கவும் போட்டால் ஒரு பின்கலப்பை மிச்சப்படுத்தலாம்.

பகல் நீளமும் ஒரு தொல்லை. காட்டு சோயா பரவியிருக்கும் இடம் தெற்குச் சீனாவிலிருந்து ரஷ்யாவின் ஆமூர் ஆறு வரை. வடக்கு மாதிரியை மத்தியப் பிரதேசத்தில் விதைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். அந்த அவசரப் பூப்பு சந்ததிக்கும் வரும். முடிந்தவரை தெற்கு அட்சத்தில் எடுத்த மாதிரியைக் கேட்டு வாங்குவது நல்லது.

காட்டு சோயாவிலிருந்து விளைச்சலே கூடிய சம்பவமும் இருக்கிறது. பி.ஐ. 407305 மாதிரியின் ஒரு பகுதி, 2003இல் வெளியான சோதனையில், விளைச்சலை ஒன்பது சதவீதத்தை ஒட்டி ஏற்றியது. ஆனால் எல்லா ரகப் பின்னணியிலும், அதாவது அதைச் சேர்த்த எல்லா ரகங்களிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். ஹாங்காங்கின் லாம் ஹோன்மிங் குழு 2014இல் காட்டு சோயாவில் உப்பைத் தாங்கும் மரபணுவைக் கண்டதும் இதே வரிசையில் வரும். இவற்றைச் சத்துத் திட்டத்துக்கு வெளியே வைக்கக் கூடாது என்பேன். புரதம் கூடியதால் இறங்கும் விளைச்சலை ஈடுகட்ட ஏதாவது வேண்டும். அது காட்டிலிருந்தே வரலாம்.

மற்ற வழிகள்

ஆஸ்திரேலியாவிலும் பக்கத்துத் தீவுகளிலும் இருபதுக்கும் மேற்பட்ட பல்லாண்டு கிளைசின் இனங்கள் இருக்கின்றன. இல்லினாயில் ராம் சிங் பல வருஷம் பாடுபட்டு, கிளைசின் டொமென்டெல்லாவை டுவைட் என்ற ரகத்தோடு கலந்து, முற்றாத விதையை ஆய்வக ஊட்டக் கலவையில் வளர்த்துக் காப்பாற்றி, மறுபடி மறுபடி பின்கலப்பு செய்து, 40 குரோமோசோம் கொண்ட வளமான செடிகளை எடுத்தார். பெரிய சாதனை. துரு நோய்க்கும் நூற்புழுவுக்கும் அங்கே நல்ல எதிர்ப்பு இருக்கிறது. சத்துக்காகப் பத்து வருஷ நிதியோடு இறங்குகிறவருக்கு இது வேண்டாம்.

வெளி மரபணுவைப் புகுத்துவது மெத்தியோனின் குறையை நேரடியாகத் தீர்க்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மெத்தியோனின் நிறைந்த பிரேசில் கொட்டைப் புரதத்தை அமெரிக்காவின் பயோனியர் நிறுவனம் சோயாவில் சேர்த்துப் பார்த்தது. பிரேசில் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாமை தரும் என்று சோதனையில் தெரியவந்தது. 1996இல் முடிவு வெளியானது, ரகம் சந்தைக்கு வரவே இல்லை. சோதித்ததும் நிறுத்தியதும் சரியான காரியம். ஆனால் சத்து என்ற பெயரில் எதைச் சேர்த்தாலும் அதைச் சாப்பிடப்போகும் உடம்பை முதலில் நினைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சடுதிமாற்ற வழியில், அதாவது விதையின் மரபணுவில் மாற்றங்களைத் தூண்டித் தேர்ந்தெடுத்து, ஃபைட்டேட் குறைந்த சோயா வந்தது. ஆனால் அந்த வரிசைகளின் விதை வயலில் சரியாக முளைக்கவில்லை. முளைக்கும் நாற்றுக்குப் பாஸ்பரஸ் தரும் கையிருப்பே ஃபைட்டேட்தான். முளைப்பை மீட்கத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது.

மரபணுத் திருத்தம் இன்று இந்தியாவிலும் வழி திறந்த வேலை. வெளி மரபணு சேராத திருத்தங்களுக்கு 2022இல் விதிவிலக்கு கிடைத்தது, 2025இல் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஒரு மரபணுவை அணைக்க வேண்டிய வேலைக்கு, அதாவது தடுப்பான், லிப்பாக்சிஜினேஸ் போன்றவற்றுக்கு, இது நாட்டு ரக வழியோடு நேராகப் போட்டி போடும். பின்கலப்பே வேண்டாம் என்பதால் காலமும் குறையும். ஆனால் 20ஆவது குரோமோசோம் விவகாரத்தை இது தீர்க்காது. அந்தத் தாவும் துண்டைக் கத்தரித்து எடுத்தாலும் காட்டு வடிவம்தான் திரும்ப வரும், அதோடு அதே விளைச்சல் இழப்பும் வரும். எதைத் திருத்துவது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இந்தக் கருவிக்கு வேலை. காட்டு சோயாவின் கால்சியம், லூட்டின், சபோனின் மரபணுக்களைத் தோண்டி எடுப்பது, நாளை திருத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

என் தேர்வு

மேலே சொன்ன நிலையத்தில் முடிவு என் கையில் இருந்தால், வயலின் பெரிய பகுதியை நாட்டு ரகப் பின்கலப்புக்குக் கொடுப்பேன். குனிட்ஸ் இல்லாத, லிப்பாக்சிஜினேஸ் இல்லாத, ஸ்டாக்கியோஸ் குறைந்த பண்புகள் மூன்றையும் உள்ளூரில் ஏற்கெனவே விவசாயி விரும்பும் ரகத்தில் சேர்ப்பது. ஆறேழு வருஷத்தில் கையில் விதை இருக்கும், சமையலறைக்கும் தீவன ஆலைக்கும் உடனே பயன்படும்.

அதோடு கூடவே, முதல் வருஷத்திலேயே, சிறிய பகுதியில் காட்டு சோயா. மாதிரிகள் இரண்டு மூன்று போதும். இலக்கில் லூட்டின், ஏ-சபோனின், கால்சியம். புரதத்தையும் அளப்பேன், ஆனால் 20ஆவது, 15ஆவது குரோமோசோமின் காட்டு வடிவங்களை மார்க்கரால் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் செடிகளில் புரதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். அந்த இரண்டும் நிழல் போட்டதால் இதுவரை கண்ணில் படாத சின்னச் சின்ன இடங்கள் அங்கேதான் தெரியும். எந்த வரிசையையும் சதவீதத்தால் மதிப்பிட மாட்டேன், எக்டேருக்கு எத்தனை கிலோ புரதம் என்பதால்தான். 407305இன் கதை நினைவில் இருப்பதால், எதையும் ஒரே ரகப் பின்னணியில் சோதித்துவிட்டு வெற்றி என்று அறிவிக்கவும் மாட்டேன். குறைந்தது மூன்று பின்னணி வேண்டும்.

பத்தாவது வருஷ முடிவில் காட்டுப் பகுதியிலிருந்து ரகம் வராமல் போகலாம். பின்கலப்பில் பாதி வழி வந்த வரிசைகள் வரும், அவற்றை மற்ற நிலையங்களுக்குக் கொடுக்கலாம். நிதி கொடுப்பவரிடம் இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாம் வருஷத்தில் 'ரகம் எங்கே' என்று கேட்டு நிறுத்தப்பட்ட காட்டு உறவுத் திட்டம் யாருக்கும் பயன்படாது.

விதை பெறும் வேலையை இன்றே தொடங்க வேண்டும். பன்னாட்டு விதை ஒப்பந்தத்தின் பொதுப் பரிமாற்றப் பட்டியலில் நெல், கோதுமை உண்டு, சோயா இல்லை. ஆகவே நாட்டுக்கு நாடு தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சீனா 1999 முதலே காட்டு சோயாவைப் பாதுகாக்க வேண்டிய தாவரமாகப் பட்டியலிட்டிருக்கிறது. அது வளரும் ஆற்றோர நிலங்கள் கட்டடமும் வயலுமாக மாறிவருவதைப் பார்த்தால் அந்த அக்கறை நியாயமானது. நடைமுறையில் எளிதான இடம் அர்பானா சேமிப்புதான். காட்டு சோயா மாதிரிகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன; எடுத்த இடம், விதைப் புரதம், எண்ணெய் விவரங்களும் பதிவில் கிடைக்கும். டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபு வள அமைப்பு வழியாக இறக்குமதி அனுமதி, பிறகு நோய்க் காப்புச் சோதனை. விதை கைக்கு வருவதற்கு ஒரு பருவம் போய்விடலாம். விண்ணப்பத்தில் புரதம் அதிகமான மாதிரி என்று மட்டும் எழுதாதீர்கள். 35 டிகிரி அட்சத்துக்குத் தெற்கே எடுத்தது, லூட்டினோ சபோனினோ அளந்து பதிவானது என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.